நெஞ்செலும்பு

மாடிப்படியின் அடியில் கார்ப்பெட் நனைந்திருந்தது.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தபோதுதான் பெனடிக்றுக்கு அது தெரிந்தது. ஒரு கைக்குட்டை அளவு ஈரம். அந்த இடத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய் எதுவும் போகவில்லை. கூரை ஒழுகுவதென்றால் மாடியும் நனைந்திருக்க வேண்டும். மனைவி டொலறஸ் மதிய ஷிப்டுக்குப் போய்விட்டாள், இரவு எட்டுக்குத்தான் வருவாள். குனிந்து விரலால் தொட்டான். தண்ணீர்தான், ஆனால் வெறும் தண்ணீர் இல்லை. விரலை எடுத்தபோது நூல்போல இழுபட்டது. மூக்கருகே கொண்டுபோனான். மக்கிய இலையின் வாசம், அதற்கடியில் அசைபோட்ட புல்லின் புளிப்பு. விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஹோலின் விளக்கைப் போட்டான்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் அந்த நேரத்துக்கே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு பக்கம் தொலைக்காட்சி, மறுபக்கம் இருமல். ஒரு மனிதன் பயப்படுவதற்கு ஏற்ற இடமே இல்லை. ஆனாலும் அவன் பயந்தான். ஏனென்றால் அந்த வாசம் எந்தப் பிராணியின் வாசம் என்று அவனுக்குத் தெரியும். அதை ஞாயிற்றுக்கிழமை கையால் தொட்டிருந்தான்.

நடந்தது இதுதான். பெனடிக்ற் அப்டன் பார்க்கில் ஓர் இறைச்சிக் கடையில் வெட்டுகிறவன். ஊரில் மடுக் கோயிலுக்கு அப்பால் காட்டில் பரண் கட்டி மான் சுட்டவன், அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க மாட்டாதவன். கடைக்கு மான் கொண்டுவந்து தருகிற கொலின் என்ற வெள்ளைக்காரனிடமும் சொன்னான். எசெக்ஸ் எல்லையில் ஒரு தனியார் காட்டைப் பார்த்துக்கொள்வது கொலினுடைய வேலை. குளிர்காலத்தில் பெண் மான்களைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இளமரங்களை மிச்சம் வைக்காது. இரண்டு வருடமாக அவன் பெனடிக்றை ஞாயிறுகளில் கூட்டிக்கொண்டு போய், தன் துப்பாக்கியில் ஒன்றைக் கொடுத்துப் பரணில் ஏற்றிவிடுவான்.

கொலினுக்கு இருந்தது ஒரே சட்டம். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அடிக்க வேண்டும். அங்கே இதயமும் நுரையீரலும் சோற்றுக் கோப்பை அளவு அகலத்தில் இருக்கின்றன. கொஞ்சம் பிசகினாலும் அது சீக்கிரம் சாகும். தலை அப்படியில்லை. மூளை ஓர் எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெரிது, தலையோ ஒரு கணம் சும்மா இராது. பிசகினால் தாடை போய்விடும், தாடை போன மான் சாகாது, ஓடும். இதைக் கொலின் மூன்று முறை சொல்லியிருந்தான். மூன்று முறையும் பெனடிக்ற் தலையை ஆட்டினான்.

அடுத்த ஞாயிறு டொலறஸின் அக்கா றோஸ்மலரின் பேரனுக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு ஒரு முழு மான் தன் பொறுப்பு என்று பெனடிக்ற் வாயைக் கொடுத்துவிட்டான். போன முறை அவன் கொண்டுபோன மானில் நெஞ்செலும்பு நொறுங்கி, இரத்தம் கட்டி, கறிக்குள் எலும்புச் சில் அகப்பட்டதென்று அங்கே பேச்சு வந்திருந்தது. நம்மவர்களுக்கு நெஞ்செலும்பு இல்லாத கறி என்ன கறி? றோஸ்மலர் ரெலிபோனில் கூப்பிட்டு, இந்த முறை நெஞ்சில் கை வைக்காமல் சுடும்படி சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

அவன் கை வைக்கவில்லை. எண்பது யார் தூரத்தில் பெண் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது, இதைவிட நன்றாக நிற்க முடியாது என்பதுபோல் முன்னங்காலை ஒரு எட்டு முன்னுக்கு வைத்து நின்றது. கோப்பை அளவு இடம் அவனைப் பார்த்தபடி இருந்தது. அவன் குறியை அங்கிருந்து மேலே நகர்த்தினான், கழுத்து, கன்னம், காதுக்கும் கண்ணுக்கும் இடையில். விசையை இழுத்த அதே நேரத்தில் அது தலையைத் திருப்பியது. வாயருகே ஏதோ வெள்ளையாகச் சிதறியது. மான் விழவில்லை. ஒரு கணம் அங்கேயே நின்று, தனக்கு என்ன நடந்ததென்று கேட்பதுபோல் பரணைப் பார்த்துவிட்டு, மரங்களுக்குள் போய்விட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தான். இலைகளின்மேல் இரண்டு பற்கள், ஒரு துண்டு எலும்பு, நூல்போல் இழுபடும் எச்சில். எச்சிலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சப்பாத்தால் இலையைத் தள்ளி மூடினான். அரை மைல் தள்ளியிருந்த கொலின் வந்து கேட்டபோது குறி தப்பிவிட்டது என்றான். அது நின்ற இடத்தைப் பார்த்தாயா, இரத்தம், மயிர், ஏதாவது? பார்த்தேன், ஒன்றுமில்லை. கொலின் நம்பினான். தேடுவதற்கென்றே பழக்கிய நாய் வண்டிக்குள் படுத்துக் கிடந்தது. விருந்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று, கொலின் தான் சுட்ட மானையும் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை கடையில் அந்த மானை வெட்டியபோது பெனடிக்ற் நெஞ்சைப் பிரித்துப் பார்த்தான். சொன்ன இடத்தில் சொன்னபடி அடித்த குண்டு. இரண்டு விலா எலும்புகள் உடைந்திருந்தன. அவ்வளவுதான் பழுது. அந்த இரண்டையும் வெட்டி எறிந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. கத்தியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்று அழுதான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். செவ்வாய் இரவு சோற்றை வாயில் வைத்தபோது அவனுக்குத் தன் தாடை அரைபடும் சத்தம் கேட்டது. காதுக்குக் கீழே அந்த மூட்டு ஏறி இறங்குவதை விரல் வைத்துப் பார்த்தான். டொலறஸ் சாப்பிட்டுக்கொண்டே மூக்கைச் சுளித்து, அவன் இறைச்சிப் பையை எங்கேயாவது ஒழுக விட்டானா, ஹோலில் ஒரு மாதிரி மணக்கிறதே என்று கேட்டாள். இல்லை என்றான். பொய் சொல்லிப் பழகிவிட்டால் உண்மையும் பொய்போலத்தான் வாயிலிருந்து வருகிறது.

புதன்கிழமை சத்தம் வந்தது. இருட்டத் தொடங்கியதும் மாடியில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவன் கையை அப்படியே நிறுத்திக் கேட்டான். கீழே குசினியில், டொலறஸ் பாத்திரம் ஊறப் போட்டுவிட்டுப் போகும் பேசினில், ஏதோ தண்ணீர் குடிக்க முயன்றது. குடிக்கிற சத்தமானால் மிருகத்துக்கு மிருகம் அவனுக்குத் தெரியும், நக்கும், உறிஞ்சும், விழுங்கும். இதில் விழுங்குவது இல்லை. முகம் தண்ணீருக்குள் போகிறது, வெளியே வருகிறது, எடுத்த தண்ணீர் முழுவதும் திரும்பக் கொட்டுகிறது. கொஞ்சம் ஓய்வு. மறுபடி போகிறது. மறுபடி கொட்டுகிறது. அதில் கோபமும் அவசரமும் இல்லாததுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அரை மணி கழித்து இறங்கிப் போனபோது பேசின் நிரம்பித்தான் இருந்தது, தரை முழுக்க ஈரம்.

ஹோலில் ரெலிபோன் இருந்தது. கொலினுடைய இலக்கம் அவனுக்கு மனப்பாடம். கூப்பிட்டு ஒரு சொல் சொன்னால் போதும், நாயைக் கொண்டுபோய்க் கண்டுபிடித்து, ஒரே குண்டில் அதன் கஷ்டத்தை முடித்துவிடுவான். ஆனால் வேட்டைக்காரன் என்ற பெயர்? இரண்டு வருட நம்பிக்கை? அவன் பொய்யன் என்று தெரிந்துகொண்டு கொலின் அவன் முகத்தைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வை? ரிசீவரை எடுத்தான், வைத்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று விரல் மடித்தான். தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாலு நாள். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அதை இன்னொரு முறை சுட்டதற்குச் சமம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

வியாழன் பனி கொட்டியது. லண்டன் முழுக்க ரயில் நின்றுபோய், கடையிலிருந்து நடந்தே வந்தான். கதவைத் திறந்ததும் தெருவின் வெள்ளை வெளிச்சம் ஹோலின் நீளத்துக்கும் விழுந்தது. குசினிக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் இரண்டு குளம்புகள். மெல்லியவை, கறுப்பு, ஒன்று மற்றதற்கு ஒரு எட்டு முன்னால். அவன் மூச்சு விடவில்லை. அவை நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

அன்றைக்குத்தான் கூப்பிட்டான். கோட்டைக் கழற்றாமல், கண்ணைக் குசினிக் கதவிலிருந்து எடுக்காமல், எல்லாவற்றையும் சொன்னான், பற்கள் வரைக்கும். கொலின் எந்தப் பக்கம் ஓடியது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தான். பெனடிக்ற் திரும்பிப் பார்த்தபோது கதவுக்கடியில் வெறும் வெளிச்சம் தெரிந்தது. அன்றிரவு அவன் சாப்பிட்டான், தூங்கவும் செய்தான்.

சனிக்கிழமை மாலை நாலரைக்கு ரெலிபோன் அடித்தது. பனி கால் முட்டளவு இருந்ததால் இன்றைக்குத்தான் காட்டுக்குள் போக முடிந்தது என்றான் கொலின். நாய் நேராகக் கூட்டிக்கொண்டு போனதாம். ஓடைக்கரையில் மான் முன்னங்கால்களை மடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி செத்துக் கிடந்தது. வயிறு வெறும் பை. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன், பென்” என்றான் கொலின். திட்டவில்லை. இனி வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆனால் அது இரண்டு பேருக்கும் விளங்கியது.

ரிசீவரை வைத்தான். செத்துவிட்டது, எப்படியோ செத்துவிட்டது, இனி அதற்கு நோகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நெஞ்சு கொஞ்சம் லேசாகவும் ஆனது. அந்த லேசுக்காகவே அவன் வெட்கப்பட வேண்டும், வெட்கப்படவும் செய்தான். தேத்தண்ணி போடலாமென்று குசினிப் பக்கம் போனான்.

கதவு திறந்திருந்தது.

அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே அது நின்றது. பக்கவாட்டில். முன்னங்காலை ஒரு எட்டு முன்னுக்கு வைத்து. மயிரில் பனி உருகாமல் கிடந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் தெரிந்தன, ஒன்றும் உடையாத நெஞ்சு. கோப்பை அளவு இடம் வெறுமையாக, அசையாமல் இருந்தது. அதற்குள்ளே துடிப்பதற்கு எதுவும் இல்லை. செத்த மிருகத்தை எங்கே சுடுவது? கொலினுடைய சட்டத்தில் அதற்கு இடமில்லை.

அது தலையைத் திருப்பியது. மூக்கு இருந்தது. மேல்வரிசைப் பற்கள் இருந்தன. அதற்குக் கீழே நாக்கு மட்டும் தொங்கியது, நீளமாக, உலர்ந்து, கறுத்து.

அவன் ஓடவில்லை. ஓட வேண்டும் என்றுதான் நினைத்தான். அது அவனைப் பார்த்தது. பிறகு தண்ணீர்க் குழாயைப் பார்த்தது. மறுபடி அவனை.

கோப்பையில் தண்ணீர் பிடித்தான். தரையில் முழந்தாளிட்டு அதன் முன்னே நீட்டினான். முகம் தண்ணீருக்குள் போனது. வந்தது. எல்லாம் கொட்டியது. மேசைக் கரண்டியை எடுத்தான். நாக்கின்மேல் ஊற்றினான். கொட்டியது. மறுபடி ஊற்றினான். கொட்டியது. மன்னித்துக்கொள் என்றான். தமிழில் சொன்னான், இங்கிலீசில் சொன்னான். மறுபடி ஊற்றினான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காற்சட்டை முட்டிவரை ஊறிப்போயிருந்தது. முன்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. டொலறஸ் வயோதிபர் இல்லத்து நீலச் சட்டையோடு குசினி வாசலில் வந்து நின்றாள். பாரிசவாதம் வந்து விழுங்க ஏலாத கிழவர்களுக்குச் சாப்பாடும் தண்ணியும் கரண்டியால் தீத்தி விடுவதுதான் பதினொரு வருடமாக அவளுடைய வேலை. அவள் கத்துவாள், அல்லது ஒன்றுமே தெரியாமல் விளக்கைப் போடுவாள் என்று பெனடிக்ற் காத்திருந்தான். இரண்டில் எது நடந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள். அவனுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் முழந்தாளிட்டாள்.

“எப்ப சுட்டனீங்கள்?”

அவன் மறுபடி ஒரு கரண்டி ஊற்றினான். கொட்டியது.

“அப்பிடி ஊத்தினால் இறங்காது” என்றாள் டொலறஸ். ஒரு கையை அதன் பிடரிக்கடியில் கொடுத்தாள். மற்றக் கையை, தாடை இருந்திருக்க வேண்டிய இடத்தில், குழித்து ஏந்திப் பிடித்தாள். அது சொன்னபடி கேட்டு, தலையை மெல்ல அண்ணாந்து, அவனுக்காகத் தொண்டையைத் திறந்து காட்டியது.

“இப்ப தண்ணியை விடுங்கோ” என்றாள்.