கொப்புள வண்டின் வசிப்பிடம்

காலையில் மாற்றிய படுக்கை விரிப்பிலேயே, கணவன் சிவசைலம் படுத்திருந்த பக்கத்தில் மட்டும், பொடிப்பொடியாய் ஈர மண் கிடந்ததை ஜெயசித்ரா கண்டாள். காய்ச்சலால் அவன் பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்குப் போய்ப் பல நாளாயிற்று, வாசல்படிகூடத் தாண்டவில்லை.

குத்துக்கல்வலசை வீட்டின் சன்னல்கள் இறுக மூடியிருந்தன; குற்றால மலையிலிருந்து இறங்கிய சாரல் ஓட்டின்மேல் விரல்களால் துழாவுவதுபோல ஓயாமல் ஊர்ந்தது; பிற்பகலே அந்தியாய் மங்கிய அறையில், மருந்து நெடியையும் மீறி, அப்போதுதான் உழுத வயலின் வாசனை எழுந்துகொண்டிருந்தது.

மேசையில், படுக்கையிலிருந்து எடுத்த வண்டு இருந்தது: கறுப்பு இறக்கையுறையில் செம்மஞ்சள் பட்டைகள். பூச்சியியல் ஆய்வாளரான அவளுக்கு அது கொப்புள வண்டு என்பதில் ஐயமில்லை. நசுங்கினால் கசியும் நீர் பட்ட தோல் வலியின்றிக் கொப்புளமாய்ப் பொங்கிவிடும். ஆனால் உணர்கொம்பின் கணுக்கள் அவள் அறிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. புதிய இனமென்று நிறுவ, அதன் புழு வளரும் இடம் தெரிய வேண்டும். இவ்வகைப் புழுக்கள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்பவை; அவை முட்டையிட்ட மண்ணில் இருக்கலாம் என்று தோட்டம் முழுவதையும் கிளறிப் பார்த்துவிட்டாள். ஒன்றுமில்லை. வண்டுகளோ நாள்தோறும் படுக்கையில்.

“ஏட்டி, ஒன் வண்டுக்கு அட்ரஸ் கெடைச்சிட்டா?” சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சிவசைலம் கேட்டான்.

“கெடைச்சா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன். முதுகு எப்படி இருக்கு?”

“வலியே இல்ல. என்னமோ ஊருதாப்ல இருக்கு. ஓசியில தங்குதுகல்லா, வாடகை கேளு.”

முதுகுக் கொப்புளங்களை அவள் முன்பே பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவன் சொன்னபோது, தூக்கத்தில் வண்டை நசுக்கியிருப்பீர்கள், எனக்குத் தெரியாததா என்று களிம்பு தடவியதோடு சரி. வண்டு எங்கிருந்து வீட்டுக்குள் வருகிறது என்பதையே தேடிக்கொண்டிருந்தாள்.

இப்போது விளக்கைப் போட்டாள். சட்டையை உயர்த்தினாள்.

கொப்புளங்கள் வற்றியிருந்தன. தோல், கோடைக் குளத்தின் அடித்தரைபோல வெடித்திருந்தது. இரத்தமில்லை. சீழில்லை. வெடிப்புகளுக்குள் ஈர மண்.

லென்ஸைத் தாழ்த்தினாள்.

மண் அசைந்தது.

ஓர் உணர்கொம்பு. பக்கத்தில் இன்னொன்று.

“என்னத்தப் பாக்குத?”

அவள் லென்ஸை இன்னும் நெருங்கப் பிடித்தாள்.

“வலிக்கல, சித்ரா.”

சிவசைலம் மெல்லத் திரும்பினான். சிரித்தான். சிரித்த வாயோரத்திலிருந்து தலையணைமேல் மண் உதிர்ந்தது. அந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு செம்மஞ்சள் பட்டை, ஈரம் காயாமல், நகர்ந்து வந்தது.