பதினேழாவது சொடுக்கு

கர்... கர்... கர்...

"ஏங்க... இது ரயிலா, மாவு மில்லா?"

மேல் படுக்கையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கலைந்த முடி, பாதி திறந்த கண்கள். கீழே ஜன்னலோரம் சம்மணமிட்டு, கைமில்லை மடியில் இடுக்கிக்கொண்டு காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். பொழுது விடிந்து ஊரே பல் தேய்த்தாயிற்று. இவருக்கு மட்டும் தாலாட்டுப் பாட வேண்டுமாம்!

"மணி ஏழாகுது சார். நீங்க தூங்குறீங்கன்னு ரயிலே நிக்கல... நான் மட்டும் எதுக்கு நிறுத்தணும்?"

தலை உள்ளே போய்விட்டது. அவள் புனலில் வடிதாளை விரித்து, பொடியைக் கொட்டி, பிளாஸ்க் வெந்நீரை மெல்ல ஊற்றினாள். காபி சொட்டுச் சொட்டாக இறங்கியது. வாசனை மேலே ஏறியது... அடுத்த நிமிடம் இரண்டு கால்கள் கீழே வந்தன.

எதிரே வந்து உட்கார்ந்தவனின் கண்களை அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். உதடு சிரிக்காவிட்டாலும் சிரிக்கிற கண்கள். சே... காலங்கார்த்தாலே இதையெல்லாம் ஏன் கவனிக்கிறேன்?

மரியாதைக்கு ஒரு கப் நீட்டினாள். அவனும் மரியாதைக்கு மறுக்காமல் உடனே வாங்கிக்கொண்டான்.

"நல்லா இருக்கு. ஆனா..."

ஆனாவா? ஓசிக் காபியில் ஆனா வேறயா?

"இது வீட்டுக்கு வச்ச அரவைங்க. வீட்டுல தண்ணி அடுப்புலேர்ந்து நேரா வரும். பிளாஸ்க்ல ராத்திரி பூரா இருந்தா சூடு குறைஞ்சிடும்ல... அதுக்கு இன்னும் கொஞ்சம் நைசா அரைச்சாதான் சாரம் இறங்கும்."

"நீங்க என்ன காபிக்கு டாக்டரா?"

"கிட்டத்தட்ட. காபி மெஷின் ரிப்பேர் பண்றேன். ஆபீஸ், ஆஸ்பத்திரின்னு எங்க மக்கர் பண்ணாலும் போவேன். நீங்க?"

"பல் கிளினிக்ல வேலை. பல் செட் செய்றேன்."

"அதான் பேச்சு இந்தக் கடி கடிக்குது!"

சிரிப்பு வந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று கப்புகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கைமில் நான்கு துண்டுகளாக அவன் துண்டின்மேல் கிடந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்த சின்ன பிரஷ்ஷால் கடைசிப் பல்சக்கரத்தைத் துடைத்து, பாகங்களைப் பூட்டி, அரவையின் அளவை மாற்றும் திருகை டிக்டிக்கென்று முடுக்கி மூடினான்.

"பழைய பொடி அடைச்சிருந்துச்சு. அதான் அந்தக் கத்து கத்தியிருக்கு. இப்பச் சுத்திப் பாருங்க, பூனை மாதிரி இருக்கும்!"

அவள் முகம் வெளுத்தது. "அந்தத் திருகை... திருப்பிட்டீங்களா?"

"சுத்தம் பண்ணா பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துதான் மூடணும். தொழில் பழக்கம்."

அவள் கைமில்லைப் பிடுங்கிக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அப்பாவின் நாக்கிலிருந்து ருசியை எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் காகிதம் மாதிரி இருக்கிறது என்பார். சாப்பிடவே மனம் இல்லாமல் இளைத்துப்போனார். ஒரு நாள் இந்தத் திருகை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "இது தெரியுதும்மா... இது காபி!" என்றார். அந்த ஒரு கப்புக்காகத்தான் மேசைக்கே வந்தார். அன்றிலிருந்து அவள் அந்தத் திருகைத் தொட்டதில்லை. டிக் டிக்கென்று நகரும் அது எத்தனையாவது சொடுக்கில் நிற்கிறது என்று எண்ணி வைத்ததும் இல்லை.

"யாரைக் கேட்டுங்க கை வச்சீங்க? எங்கப்பா குடிக்கிற ஒரே காபி அது!"

அழுகையும் கோபமுமாக அவள் கொட்டித் தீர்த்தாள். அவன் முகம் சுருங்கிப்போனது.

"ஒரு நிமிஷம் கேளுங்க... நான் எண்ணி—"

"ஒரு வார்த்தை பேசாதீங்க!"

அவள் இறங்கும்போது அவன் விசிட்டிங் கார்டு ஒன்றை மட்டும் அவள் பையின்மேல் வைத்தான். கிழித்துப் போடத்தான் எடுத்தாள்... கை என்னவோ பைக்குள் வைத்துவிட்டது.

வீட்டில் நான்கு நாள் திருகோடு மல்லுக்கட்டினாள். எட்டு, பன்னிரண்டு, இருபத்தைந்து... அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை நகர்த்திவிடுவார். "பரவாயில்லம்மா." அந்தப் பரவாயில்லைக்கு ரெண்டு திட்டு திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்த ஆளைக் கூப்பிட்டால் ஏதாவது வழி சொல்வான்தான். ஆனால் அவ்வளவு திட்டிவிட்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஐந்தாம் நாள் கிளினிக்கின் காபி மெஷின் நின்றுபோனது. எப்படி நின்றது என்பதை இப்போது கேட்காதீர்கள்.

பல் டாக்டர் தவித்துப்போனார். நோயாளிகளிடம் "காபியைக் குறைங்க, பல்லு கறையாகும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து நாளுக்கு ஆறு கப் குடிக்கிற மனிதர்.

"எனக்கு ஒரு மெக்கானிக்கைத் தெரியும் டாக்டர்..." என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

மழையோடு வந்தான். முடியிலிருந்து நீர் சொட்ட, இமைகளில் இரண்டு துளி மின்ன, வாசலில் நின்று அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பல் செட்டைப் பார்த்துக்கொண்டாள். அதுவும் அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது.

மெஷினின் பின்பக்கம் குனிந்தவன், தண்ணீர்க் குழாயை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். என்னவோ தனக்குள் சிரித்துக்கொண்டான். ஐந்தே நிமிடம்... டாக்டர் கையில் கப் வந்துவிட்டது.

"அப்பாவுக்குக் காபி சரியாச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"பதினேழு."

"என்னது?"

"பதினேழு சொடுக்கு. திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பும்போதே எண்ணிட்டேன். அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீங்க எங்க வாயைத் திறக்க விட்டீங்க?"

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சாரிங்க..."

"தப்பு என் கை பண்ணது. ஞாயித்துக்கிழமை நானே வந்து என் கையாலயே போட்டுத் தரேன். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

"உங்களுக்கா தூக்கம் வராது? ரயில்லதான் பார்த்தேனே..."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். டிக்... டிக்... என்று அவள் எதிரிலேயே பதினேழு எண்ணி வைத்தான். பொடியை இரு விரலால் தேய்த்துப் பார்த்தான். காபி இறங்கியது. அப்பா கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிட்ட வந்திருக்கு தம்பி... ஆனா அது இல்ல."

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "அரவை அதேதான் சார். அதை அசைக்க வேண்டாம். அடுத்த வாரம் தண்ணியை மாத்திப் பார்ப்போம்."

அடுத்த வாரம் தண்ணீர். அதற்கடுத்த வாரம் வடிதாளை வெந்நீரில் அலசிப் பார்த்தார்கள். நான்காம் வாரம் கப்பைச் சூடு பண்ணிப் பார்த்தார்கள். சமையலறை சின்னது. இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். "தண்ணியைச் சுத்திச் சுத்தி ஊத்துங்க" என்று அவன் சொல்வான். "எனக்குத் தலை சுத்துது" என்று அவள் சொல்வாள். சிரிப்புச் சத்தம் கூடத்துக்குக் கேட்கும். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, மூன்று துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, "கிட்டத்தான் தம்பி... இன்னும் ஒரு துளி" என்பார்.

நான்காம் வாரம் கிளம்பும்போது அவன் வாசலில் நின்றான்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேங்க. அடுத்த வாரம் கடைசியா ஒரு தடவை பார்க்கிறேன். அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"சரி" என்றாள். சரியா? என்ன சரி? அந்த வாரம் முழுக்க ஒரு பல்லும் நேராக நிற்கவில்லை. அவனைப் போகாதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. காபிக்காக வந்தவனிடம் என்னவென்று சொல்வது?

ஐந்தாம் ஞாயிறு. முதல் கப்பை அவனுக்கு வடித்துக் கொடுத்தாள். அவன் ஜன்னலோரம் நின்று குடித்தான். வெயில் அவன் கண்ணில் விழுந்தது. இனிமேல் இந்த ஜன்னலில் வெயில் மட்டும்தான் வரும்... அவனையே பார்த்தபடி அப்பாவின் கப்புக்கு வெந்நீரை ஊற்றினாள். புனலில் புதுப் பொடி போடவில்லை. அவனுக்கு வடித்த அதே சக்கைதான் கிடந்தது. அவளும் கவனிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்த அவனும் கவனிக்கவில்லை.

அப்பா ஒரு வாய் குடித்தார்.

"அடச்சே! என்னம்மா இது, கழுநீர் மாதிரி? போன வாரம் எவ்வளவு அருமையா இருந்துச்சு! அந்தக் காபிக்கு என்ன ஆச்சு?"

"போன வாரமா?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "அருமையா? அப்பா..."

முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து எத்தனையோ பொய்ச் சாட்சிகளைப் பார்த்தவர், தன் சாட்சியத்தில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

"முத வாரமே அதே காபிதான்மா. சரின்னு சொல்லியிருந்தா தம்பி மறு வாரம் வராதே... இந்த வீட்டுல நீ வாய்விட்டுச் சிரிச்சு எத்தனை நாளாச்சு? அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டா ரொட்டிகூட ருசிக்குது. அப்பாவை மன்னிச்சிடு. இப்ப நான் பேப்பர் படிக்கப் போறேன்."

பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும். பிடிக்காத காபியை எவரும் சொட்டு விடாமக் குடிக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் சொல்லல? கடைசின்னு வேற சொன்னீங்களே!"

"கடைசின்னு சொன்னா... போகாதீங்கன்னு சொல்வீங்களான்னு பார்த்தேன். நீங்க சரின்னுட்டீங்க. ஒரு வாரமா நான் எந்த மெஷினையும் ஒழுங்காப் பூட்டல." குரல் தழைந்தது. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ரயில்ல, ஓசிக் காபிக்கு நான் ஆனான்னு சொன்னப்ப முறைச்சீங்களே... அப்பலேர்ந்து."

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றான் அவன், அந்தக் கண்களில் சிரிப்போடு. "அன்னிக்குக் கிளினிக்ல மெஷினுக்கு ஒரு பழுதும் இல்ல. தண்ணிக் குழாயை யாரோ கையாலயே கழட்டி விட்டிருந்தாங்க. குழாய் மேல அஞ்சு விரலும் வெள்ளையாப் பதிஞ்சிருந்துச்சு. பல் செட்டுக்கு அச்சு எடுக்கிற பிளாஸ்டர்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பா காபிக்காகத்தான் வரவச்சேன்னு நினைச்சேன்..." விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "அதுக்கு ஒரு போன் போதும். நேர்ல பார்க்கணும்னு இருந்துச்சு... போதுமா? போகாதீங்க."

மூடிய கைகளை அவன் மெல்ல விலக்கினான். விரல் நகங்களின் ஓரத்தில் இன்றைக்கும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது.

"தம்பி!" உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல். "பேசி முடிச்சாச்சுன்னா எனக்கு ஒரு காபி வரட்டும். இந்தத் தடவை ரெண்டு பேரும் பொடியைப் பார்த்துப் போடுங்க!"