பரணில் ஒரு மசால் வடை

"எலிக்கு பயம் ஜாஸ்தியாம்மா... நமக்கு ஜாஸ்தியா?"

பிரின்சி ஐந்து வயதில் கேட்ட கேள்வி. பரணில் கடகடவென்று ஓட்டம் கேட்டதும் தாயின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு கேட்டாள். ஏஞ்சலினுக்கு அன்று பதில் தெரியவில்லை.

இன்று தெரிந்தாக வேண்டும்.

வீட்டின் முன்கட்டில் ஒரு பிணம் கிடந்தது!

பரசுராமன். ஆரம்பாக்கத்தில் நெல் வயலும் இந்த ஓட்டு வீடும் வைத்திருந்தவர். இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து, வாயில் நுரையோடு...

அதே வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் ஏஞ்சலின், தேர்வாய் கண்டிகை கம்பெனியிலிருந்து யூனிபாரத்தோடு ஓடி வந்தாள்.

போலீஸ் அவளுக்காகவே காத்திருந்தது!

பரசுராமனின் மருமகன் வெங்கடேசன் விரலை நீட்டினான்.

"இவதான் மேடம். போன வாரம் எலி மருந்து வாங்கினு வந்தா. வடையில வெச்சு பரண்ல போட்டிருக்கா. ஒண்ண எலி இழுத்துகினு வந்து எங்க பக்கம் கீழ தட்டுல தள்ளிட்டிருக்கு. மாமாவுக்கு கண்ணு மங்கல். பொண்ணு வெச்சதுன்னு தின்னுட்டாரு."

நம்பும்படிதான் இருந்தது. இரண்டு கட்டுக்கும் ஒரே பரண். நடுச்சுவர் கூரையைத் தொடாது. பலகைகளுக்கு இடையே கை நுழையும் சந்து.

ஏஞ்சலின் பக்கப் பரணில் இன்னொரு மசால் வடை இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சுமலதா அதன் ஓரத்தைப் பிட்டுப் பார்த்திருந்தார்.

உள்ளே நீலத் துகள்... விஷம்!

மருந்து வாங்கினாயா என்று சுமலதா கேட்டார். வாங்கினேன் என்றாள் ஏஞ்சலின். பெட்டியைத் திறந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். சீல் உடையவில்லை.

"ரெண்டு வாங்கிருப்பா" என்றான் வெங்கடேசன். "வண்டில ஏத்துங்க மேடம். அந்தப் பொண்ண எங்கனா ஹாஸ்டல்ல சேத்துக்கலாம்."

பிரின்சி அம்மாவின் விரலைப் பிடித்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாயும் போனால் அவளுக்கு யார்?

"ஏற மாட்டேன்" என்றாள் ஏஞ்சலின்.

சுமலதா நிமிர்ந்தார்.

"எலி சந்தேகப் பிராணி மேடம். புதுசா எத்த வெச்சாலும் சுத்தி வரும், மோந்து பாக்கும், வாய் வெக்காது. ஒரே தீனிய நாலஞ்சு நாளு வெறுமனே வெச்சுப் பழக்கணும். அப்பறந்தான் மருந்து. ரெண்டு தபா ஏமாந்து கத்துகினேன். இப்ப பழக்கிகினுதான் இருக்கேன்."

"வடைய வெச்சா?"

"வடைன்னு யாரு சொன்னது? நான் வெச்சது கருவாட்டுத் தல."

சுமலதா ஏணியில் ஏறினார். டார்ச் வெளிச்சம் பரணில் ஓடியது.

சுவரோரம் எலிப் புழுக்கை. அதே ஓரத்தில் கருவாட்டு முள், சுத்தமாகக் கடித்துத் தின்ற முள்... நடுவில் அந்த வடை! சுற்றிலும் தூசியில் எலியின் காலடித் தடம். வடையில் ஒரு பல்கூடப் படவில்லை.

"இத்த மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போன எலி, அதே மாதிரி வடைய அந்தப் பக்கம் மட்டும் எப்டி மேடம் இழுத்துகினு போவும்?"

வெங்கடேசன் சிரித்தான். "எலிய கூட்டிகினு போயி கோர்ட்ல சாட்சி சொல்லச் சொல்லு."

"சொல்லும் சார். எலிக்குத்தான் பயம் ஜாஸ்தி. எனக்கு இல்ல." ஏஞ்சலின் அவன் கண்ணைப் பார்த்தாள். "எங்க ஊட்ல வடை சுடல. உங்க ஊட்ல?"

பதில் வந்தது... ஆனால் அவனிடமிருந்து அல்ல!

அப்பாவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பரசுராமனின் மகள் நர்மதா எழுந்தாள். உள்ளே போனாள். துவைக்கப் போட்டிருந்த ஒரு சட்டையோடு திரும்பினாள். புருஷனுடைய சட்டை.

"நான் இட்லி மட்டுந்தான் வெச்சேன் மேடம். இவரு காலைல டீக்கடைக்குப் போய்ட்டு வந்தாரு. பாக்கெட் பூரா எண்ணெ."

"நர்மதா, உள்ள போ."

"கம்பெனிக்கு நெலத்தக் குடுக்க மாட்டேன்னாரு எங்கப்பா. அதுக்காய்யா?"

சுமலதா சட்டைப் பாக்கெட்டை வெளியே இழுத்தார். தையலோரம் ஒட்டியிருந்தது ஒரு கடலைப்பருப்பு. அதன்மேல் நீலத் துகள்!

"எலின்னாலே வடைதான்னு ஊரே நினைக்கும்" என்றார் சுமலதா. "நீங்களும் ஊரோட சேர்ந்து நினைச்சிட்டீங்க. வாங்க, வண்டி ரெடியாத்தான் இருக்கு."

பரசுராமனின் காரியம் முடிந்தது. நர்மதா போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தாள். வயலைப் பார்க்க ஆள் இல்லை. கதிர் பிடிக்கும் நேரத்தில் மண் வெடித்தது.

ஏஞ்சலினின் வாராந்திர விடுமுறை நாள் மதியம். வெயிலுக்குப் பயந்து ஊர் வீட்டுக்குள் கிடந்தது. அவள் மட்டும் மண்வெட்டியோடு பரசுராமனின் வரப்பில் நடந்தாள்.

அவள் புருஷன் ஸ்டீபன் செத்த அன்று அடைமழை. கல்லறைக்குப் போகும் பாதை முழுக்க வெள்ளம். சவப்பெட்டியோடு அவள் தெருவில் நின்றபோது, தன் விளைந்த பயிரைக் காட்டி, "மிதிச்சுகினு போங்க. நெல்லு திரும்ப மொளைக்கும்" என்றவர் பரசுராமன். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

நன்மையைக் கடவுள் மறப்பதில்லை. மனிதர்தான் மறந்துவிடக் கூடாது.

ஏஞ்சலின் மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் பயிரின் காலுக்குப் பாய்ந்தது. வரப்பில் ஒரு எலி வளை வழியாக அது ஒழுகுவதைப் பார்த்தாள். குனிந்து சேற்றை அள்ளினாள்.

வளையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"இது பரண் இல்ல நைனா, வயலு. காலி பண்ணு!"