அழுத்தம் இறங்கும்வரை

“பாப்பா, யாரோ என் காலைத் தொடுறாங்க.”

ஸ்பீக்கரில் வந்த அண்ணன் குரலுக்கு அவள் சிரித்துவிட்டாள். நாற்பது வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். அந்தக் கண்ணாடி உருளைக்குள் ஒரு ஆள் படுக்கத்தான் இடம். இதில் இன்னொருத்தர் எங்கே வருவது?

“சும்மா படு அண்ணா. மரத்துப்போன இடத்துல உணர்ச்சி வருது. நல்லதுதான்.”

சர்க்கரை அரித்த பாதம். வெட்டிவிடலாம் என்ற டாக்டரிடம், “என் சேம்பர்ல முப்பது நாள் குடுங்க” என்று சண்டை பிடித்தவள் அவள். அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துப் புண் ஆற்றும் இந்தச் சேம்பரைப் பன்னிரண்டு வருடமாக இயக்குகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? இன்று இருபத்தொன்பதாவது நாள். புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச்சதை கட்டியிருந்தது.

ஆக்சிஜன் குழாயின் ஓயாத சீறலும், ஸ்பிரிட் வாடையும், திரைச்சீலை வழியே தரையில் விழுந்த மதிய வெயிலுமாக அறை தூக்கக் கலக்கத்தில் கிடக்க, அண்ணன் பாதத்தில் கட்டியிருந்த துணி சுற்றுச் சுற்றாக, நிதானமாக, அவிழ்ந்துகொண்டிருப்பதை அவள் பார்த்தாள். அவன் இரண்டு கைகளும் மார்பின்மேல் இருந்தன.

“திற பாப்பா! திற!”

அவன் தலை கண்ணாடியில் மோதியது. ரத்தம்.

வலிப்பு! அழுத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சினால் வருவதுதான். வலிப்பின்போது மூச்சு அடைத்திருக்கும். அப்போது அழுத்தத்தை இறக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். உடம்பு அடங்கி, மூச்சு திரும்பும்வரை வால்வைத் தொடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே அவள்தான்.

தொடவில்லை.

மறுபடி மோதியது. மூக்கு நசுங்கியது. மறுபடி. யாரோ முடியைப் பிடித்து அடிப்பதுபோல், அதே இடத்தில். பல் ஒன்று கண்ணாடியில் வழுக்கி இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடிந்து ஒடிந்தன. வலிப்புதான். வலிப்புதான். ஐயோ, அண்ணா, பொறுத்துக்கோ.

ரத்தம் கண்ணாடியை மூடிவிட்டது.

பிறகு ஸ்பீக்கரில் மூச்சு. நீளமாக, சீராக.

“அப்பாடா! இதோ வந்துட்டேண்ணா.” அழுதுகொண்டே வால்வைத் திருகினாள். அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல இறங்கியது.

வழிந்த ரத்தத்தின் இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் இமைக்கவில்லை. மார்பு அசையவில்லை.

உள்ளே எதுவோ அவனைக் கொல்லக் கொல்ல அவள் காத்திருந்திருக்கிறாள்.

ஸ்பீக்கரில் மூச்சு நிற்கவில்லை.

முள் பூஜ்யத்தைத் தொட்டது. தாழ் விடுபட்டது. அவள் கை இன்னும் வால்வில்தான் இருந்தது. கதவு, உள்ளிருந்து, திறந்தது.