கெட்லர் குவாரியில் திரும்பாத மனிதர்

ட்ரிங்... ட்ரிங்...

செல்போன் அலறியது.

கெட்லர் குவாரியில் போன் மணி கேட்பதே அபூர்வம். கல் எடுத்தது போதும் என்று கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டுப் போன பள்ளம். காக்காய் கூட யோசித்துத்தான் வரும்.

அலறியது ஆர்வினின் சட்டைப்பையில். தரையோடு தரையாகப் படுத்திருந்த அவர் எடுக்கவில்லை.

பள்ளத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த வெர்லா சுத்தியலைக் கீழே வைத்தாள். அறுபதைத் தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோ மட்டும்தான். அதுவும் தான் பேசுமே தவிர, அவள் பேசினால் கேட்காது!

சனிக்கிழமை மட்டும்தான் அவளுக்கு நாள். பூச்சி தேடுகிற நாள்.

பூச்சி என்றால் ட்ரைலோபைட். அமெரிக்காவின் இந்த ஒஹையோ மாநிலம் முழுக்கக் கடலாகக் கிடந்த காலத்தில் ஊர்ந்து, செத்து, கல்லாகிப்போன ஜந்து.

ஆர்வினுக்கும் அதே சனிக்கிழமை. அவரும் ஒண்டிக்கட்டை. பதினோரு வருடமாக இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவர். வரும்போது ஒரு கையசைப்பு. போகும்போது ஒரு கையசைப்பு.

பேச்சுவார்த்தை அவ்வளவுதான்!

காரணம், குவாரிச் சட்டம். ஒருத்தர் தரையில் கன்னம் வைத்து, சூரியனுக்கு எதிரே படுத்துத் தேடுகிறார் என்றால் கிட்டே போகக்கூடாது. அவராக "பூச்சி!" என்று கத்தினால் ஓடலாம். இல்லாவிட்டால் அவரவர் பாடு அவரவருக்கு.

ஆர்வின் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. ஆள் அத்தனை அழுத்தம்!

இன்றைக்காவது கத்துவார்... ஓடிப்போய் நாலு வார்த்தை பேசலாம்... என்று காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள் வெர்லா. மத்தியானம் சாண்ட்விச்சைப் பிரித்தபோதுகூட அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் தின்றாள். தனியாகச் சாப்பிடவில்லை என்று மனசுக்கு ஒரு சமாதானம்.

ட்ரிங்... ட்ரிங்...

அப்போதுதான் உறைத்தது.

சூரியன் மேற்கே இறங்கிவிட்டது. ஆர்வினின் முகம் இன்னும் கிழக்கே!

எந்தப் பூச்சிக்காரனும் அப்படிப் படுக்க மாட்டான். வெயில் எதிரே இருந்தால்தான் பூச்சி பளபளக்கும். மத்தியானத்துக்கு மேல் மேற்கே திரும்பியே ஆக வேண்டும்.

வெர்லா சட்டத்தை மீறி ஓடினாள்.

"ஆர்வின்... ஆர்வின்!"

தோளைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. தொப்பி நழுவியது. பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"ஐயோ...!"

அவளுடைய அலறல் கற்சுவர்களில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. கேட்க வேறு யாரும் இல்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"மாமா! ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றீங்கதானே?... ஹலோ? யாருங்க பேசறது?"

டேரல். ஆர்வினின் அக்கா மகன்.

*

டாக்டரோடு வந்த போலீஸ் அதிகாரி, டெபுடி ஷெரீஃப் க்ரோவர் ஹைன்ஸ், பிணத்தைப் பார்த்தார். வெர்லாவைப் பார்த்தார். தொப்பையைத் தூக்கி பெல்ட்டைச் சரிசெய்தார்.

"ஆள் செத்தது காலையிலன்னு டாக்டர் சொல்றார். நீங்க எப்ப வந்தீங்க?"

"எப்பவும் வர்றதைவிட லேட்டு சார். மெயின் ரோட்டுலயே வண்டியை நிறுத்தி, உள்ளேயே உக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"ஏன்? கீழே வந்து குடிச்சா ஆறிடுமா?"

வெர்லாவின் முகம் சிவந்தது.

"சும்மாதான்..."

"சும்மா! அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பிணத்துக்கு எதிர்ல உக்காந்திருந்தீங்க. சாண்ட்விச் வேற! ஏம்மா, இதை எந்த ஜூரி நம்புவான்?"

"அவர் தேடறார்னு நினைச்சேன் சார். தேடறவங்க கிட்ட போகக்கூடாது."

"பதினோரு வருஷப் பழக்கம். கிட்ட போய் ஒரு 'என்னய்யா சௌக்கியமா' கிடையாது?"

"கிடையாது..."

என்ன பிழைப்பு இது!

மேலே கார் வந்து நின்றது. டேரல் ஓடி வந்தான். முப்பது வயது. முடியில் எண்ணெய்ப் பளபளப்பு.

"மாமா...! சார், நீங்க வழி சொன்னதாலதான் இந்த இடமே கண்டுபிடிச்சேன். ஜன்மத்துல இங்க கால் வெச்சதில்ல. இந்தக் கல்லுக்கும் ஜல்லிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது!"

வெர்லாவைப் பார்த்ததும் விரலை நீட்டினான்.

"இந்தம்மாதான் சார்! மாமா சொல்லியிருக்கார். 'எதிர்க்கோடியில ஒருத்தி, நாள் பூரா என்னையே பார்த்துக்கிட்டிருப்பா'னு!"

வெர்லா நிமிர்ந்தாள்.

"சொன்னாரா? என்னைப் பத்தியா? வேற என்ன சொன்னார்?"

ஹைன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா! உங்களைக் கொலைகாரிங்கறான். நீங்க என்னடான்னா கல்யாணப் பேச்சு மாதிரி கேக்கறீங்க!"

"சார், கொன்னவனுக்கு குவாரிச் சட்டம் தெரியும். அதனாலதான் கன்னத்தைத் தரையில வெச்சு, தொப்பியையும் மாட்டிப் படுக்க வெச்சிருக்கான். யாரும் கிட்ட வரமாட்டாங்கனு தெரிஞ்சு செஞ்சிருக்கான்."

"அப்ப கொன்னது ஒரு பூச்சிக்கார ஆள்."

"ஆமா."

"இங்க இருக்கிற ஒரே பூச்சிக்கார ஆள் நீங்கதான்."

தன் வாயாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்டாயிற்று!

ஹைன்ஸ் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். இன்னொரு கையால் ஆர்வினின் பையை டேரலிடம் நீட்டினார்.

"இது உங்க மாமாவோடதானா? உள்ள பார்த்துச் சொல்லுங்க."

டேரல் பைக்குள் கைவிட்டான். புழுதி படிந்த சாம்பல் கல் ஒன்று வந்தது. இப்படித் திருப்பினான்... அப்படித் திருப்பினான்...

நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினான்!

"அய்யே!" என்றார் ஹைன்ஸ். "என்னய்யா கருமம் இது!"

வெர்லாவின் கண்கள் அகன்றன.

"சார்... அவரை விடாதீங்க! காய்ஞ்ச கல்லுல பூச்சி தெரியாது. ஈரமாக்கினாத்தான் தெரியும். நாங்க எல்லாரும் அப்படித்தான் நக்குவோம். பழகிட்டா கை எடுக்கிறதும் தெரியாது, நாக்கு நீட்டறதும் தெரியாது. ஜல்லிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்கு சார் நக்கறான்?"

டேரலின் நாக்கு உள்ளே போய்விட்டது. முகம் சாம்பல் கல் போலாகிவிட்டது.

"கார் சாவி," என்றார் ஹைன்ஸ்.

"தா... தாராளமா பாருங்க. எனக்கென்ன பயம்?"

டிக்கியில் முழங்கால் பட்டை. உளி. டாய்லெட் பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலம்.

ஹைன்ஸ் பிரித்தார்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ட்ரைலோபைட்! உடம்பெல்லாம் நீள நீளமாய் முள். பார்த்தால் இப்போதே எழுந்து ஓடும் போலிருந்தது!

"சரி சார், ஒத்துக்கறேன்," டேரல் வேகமாகச் சொன்னான். "நானும் பூச்சி சேர்க்கிறவன்தான். பயத்துல மறைச்சேன். ஆனா இது போன வருஷம் அரிசோனா கண்காட்சியில வாங்கினது. மாமா செத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல!"

ஹைன்ஸ் தாடையைச் சொறிந்தார். கல்லை நக்குவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே!

வெர்லா பூச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாவிட்டால் விலங்கு அவள் கைக்கு. சொன்னால்... மானம் போகும். ஊரே சிரிக்கும்.

ஆர்வினைப் பார்த்தாள்.

"சார்... அந்த முள்ளுல ஒண்ணை ஒடிங்க."

"ஏய்! தொடாதீங்க!" டேரல் பதறினான்.

ஹைன்ஸ் ஒடித்தார். உள்ளே மஞ்சளாய் நார்.

"என்னம்மா இது?"

"துடைப்பக் குச்சி."

"என்னது?"

"முள்ளெல்லாம் என் வீட்டுத் துடைப்பத்தைப் பிச்சு வெச்சது சார். உடம்பு, கார்ல ஒடுக்கு விழுந்தா அடைப்பாங்களே... அந்தப் பட்டி. காபித்தூள் போட்டு நிறம் ஏத்தினேன். பின்பக்கம் என் கட்டைவிரல் ரேகைகூட இருக்கும். நான்தான் செஞ்சேன். நேத்து சாயங்காலம் ஆர்வின் படுக்கிற இடத்துல நான்தான் புதைச்சு வெச்சேன்."

"எதுக்கும்மா?"

வெர்லா தலையைக் குனிந்தாள்.

"இவ்வளவு பெரிசா ஒண்ணு கிடைச்சா... 'பூச்சி!'னு கத்துவார்ல? நான் ஓடிப் போகலாம்ல? அதுக்குத்தான். காலையில வெக்கமா இருந்துச்சு. அதான் வண்டியிலேயே உக்காந்திருந்தேன். நான் சீக்கிரமா இறங்கியிருந்தா..."

அழுதாள்.

ஹைன்ஸ் மெதுவாக டேரல் பக்கம் திரும்பினார்.

"ஆக, நேத்து இங்க புதைச்ச பூச்சியை, தம்பி போன வருஷமே அரிசோனாவுல வாங்கிட்டார்!"

"பட்டியா...?" டேரலின் குரல் கீச்சிட்டது. "துடைப்பமா? இதுக்காகவா நான்...!"

நிறுத்தினான். ஆனால் காலம் கடந்துவிட்டது.

விலங்கு அவன் கையில் 'க்ளிக்' என்றது.

"எதுக்காக என்ன செஞ்சே? முழுசாச் சொல்லு!"

"அவர் பின்னாலேயேதான் வந்தேன். இதை எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். உடனே சிரிக்க ஆரம்பிச்சுட்டார் சார்... விழுந்து விழுந்து சிரிச்சார்! வித்துரலாம் மாமான்னு கெஞ்சினேன். 'போடா, இதை விக்கவே முடியாது. வெர்லா வரட்டும். இன்னிக்கு நானே போய்ப் பேசப்போறேன்'னார். என்னை ஏமாத்தறார், கிண்டல் பண்றார்னு நினைச்சேன். கையில சுத்தியல் இருந்துச்சு..."

ஹைன்ஸ் கையிலிருந்த போலிப் பூச்சியைப் பார்த்தார்.

ஆர்வினுக்கு நாற்பது வருடம் பூச்சி பார்த்த கண். பட்டி எது, பூச்சி எது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாதா! யார் செய்தது என்றும் தெரிந்திருக்கிறது. ஏன் செய்தாள் என்றும் தெரிந்திருக்கிறது.

"என் பேரு அவருக்குத் தெரிஞ்சிருக்கு..." வெர்லா முனகினாள்.

டேரலை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆர்வினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் படுத்திருந்த இடத்தைப் பார்த்து வெர்லா வழக்கம்போலக் கையை அசைத்தாள்.

ஹைன்ஸ் தொப்பியைக் கழற்றி நின்றார்.

"வாங்கம்மா, வீட்டுல விடறேன். போனதும் எதையும் யோசிக்காம, வீட்டைப் பெருக்கிட்டு, சூடா எதையாவது குடிச்சுட்டுப் படுங்க."

வெர்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எதை வெச்சு சார் பெருக்கறது? பதினோரு வருஷத்துல ஒருநாளாவது நாலடி நடந்து போய் 'காபி குடிக்கிறீங்களா'னு கேட்டிருந்தா, மனுஷனும் மிஞ்சியிருப்பார்... துடைப்பமும் மிஞ்சியிருக்கும்!"