குழவிக்கல் இருந்த இடம்

பேஸ் கிட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில் 'கிர்ர்' என்று இன்னொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பூட்டிக் கிடந்த பழைய கிடங்கு அது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில் தகரக் கூரையைக் காய்ச்ச, முந்நூறு பேரின் வியர்வையும் கிரீஸ் நாற்றமும் செயற்கைப் புகையும் சேர்ந்து மூச்சை முட்டியது. சவுண்ட் மிக்ஸர் முன்னால் நின்ற யுவராணிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அந்தக் கிர்ர்தான் அவள் பிராணனை வாங்கியது.

ஒரே சுரத்தை இருபது நிமிஷம் இழுப்பதுதான் இவர்களின் டூம் மெட்டல். அதில் ஒரு பிசிறு வந்தாலும் கதை கந்தல். மேடையில் வெறுங்காலோடு நின்று வாசித்துக்கொண்டிருந்த ஜீவா, அவள் புருஷன், ஹெட்செட்டில் எரிந்து விழுந்தான்.

"யுவா, இன்னாடி அது? காதுல பூச்சி பூந்தா மாரி கீது."

"நான் பாத்துக்கறேன். நீ வாசி."

எதுவென்று அவளுக்குத் தெரியும். மேடை நடுவில், வெள்ளை வேட்டி சுற்றி மாலை போட்ட குழவிக்கல். ரீங்காரத்தில் பலகையோடு சேர்ந்து அதிர்கிறது. அடுத்துப் பாட வேண்டிய வேப்பம்பட்டு கமலம் கொண்டுவந்து வைத்தது. "சாவு வுழாத எடத்துல ஒப்பாரி பாடக் கூடாது கண்ணு. இந்தக் கல்லுதான் எனக்குப் பொணம். யாரும் நவுத்தாதீங்க" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

இடைவேளையில் திரும்ப வைத்துவிடலாம், பத்து நிமிஷம் இருக்கிறதே. யுவராணி குனிந்தபடி புகைக்குள் புகுந்து கல்லைத் தூக்கிப் போய் வெளியே நின்ற வேனில் வைத்துவிட்டு வந்தாள். கிர்ர் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் ஜீவா வாசிப்பை நிறுத்தவில்லை. கமலத்துக்கு உறுமி வாசிக்கும் கிஷோர் மேடையேறிக் கையைச் சுழற்றிக் காட்டினான்: இடைவேளை வேண்டாம், அப்படியே கோத்துவிடலாம். அவனுக்கு இடம் விட்டு ஜீவா ஓரடி நகர்ந்தான். கல் இருந்த இடத்துக்கு.

கமலம் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் அவள் பாடுவாள்.

"ஜீவா, அங்க நிக்காத. தள்ளி நில்லு."

ஹெட்செட்டில் அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வாசல்ல பந்தல் போட்டாச்சே, வந்து பாரு என் ராசா..."

ஒப்பாரி தகரக் கூரையில் முட்டி இறங்கியது. கிரீஸ் நாற்றம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஊதுபத்தி, பன்னீர், வாடிய ரோஜா. யாரும் எதையும் கொளுத்தவில்லை. ஜீவாவின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. தந்தியைத் தொடவில்லை. ஆனாலும் மிக்ஸரில் அவன் சேனலின் பச்சை விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. யுவராணி ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். ரீங்காரம் குறையவில்லை.

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

ஓடினாள். வேன் கதவு. கல். முன்பைவிடக் கனம். கை நழுவியது. மறுபடி தூக்கினாள். கதவருகே கூட்டம்; முழங்கையால் இடித்தாள். "வழி விடுங்க! நவுருங்க!"

யாரும் திரும்பவில்லை. எல்லாரும் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

மேடையில் ஜீவா மல்லாந்து கிடந்தான். நெஞ்சின் மேல் கிட்டார். தந்திகள் தாமாக அதிர்ந்தன.

கல்லை அவன் பக்கத்தில் இறக்கினாள். "கமலக்கா, கல்லு வந்துடுச்சு. இந்தா, இங்கதான் கீது. இதுக்குப் பாடு. இதுக்குப் பாடுக்கா!"

கமலம் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் நீண்டது. சாவு வீட்டில் பெண்டாட்டிக்காரியை இழுத்துக் கட்டிக்கொள்கிற அதே பிடி. யுவராணியின் கழுத்தை வளைத்துத் தோளோடு சாய்த்தது.

அப்போதுதான் அவன் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் இரண்டும் வெள்ளைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தாள்.

"பூவும் பொட்டும் கேக்குதே, போயிட்டியே என் ராசா..."

ஒப்பாரியின் அடுத்த அடி. அவள் ஒருநாளும் கேட்டறியாத அடி. அவள் சொந்தக் குரலில்.

கையாவது தன் பேச்சைக் கேட்கட்டும் என்று பாய்ந்து முடிச்சைப் பற்றினாள். அவிழ்க்கத்தான் போனாள். விரல்கள் பழகிய வேலைபோல் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கின.