ஆட்டின் காது

ஆடு கத்தவில்லை.

சூரியன் மலைக்கோட்டைப் பக்கம் இறங்கி அரை மணி ஆகியும், சிறுமலை அடிவாரத்தில் கட்டியிருந்த அந்தக் கறுப்புக் கிடா, கயிறு விட்ட மட்டும் பின்னால் போய் நின்று, ரஹ்மத்துல்லா உள்ளே ஒளிந்து உட்கார்ந்திருந்த முள்வேலியையே பார்த்துக்கொண்டிருந்தது. தனியாக விட்ட ஆடு ஐந்து நிமிஷத்தில் காட்டையே கூட்டிவிடும் என்று பேராசிரியர் அருள்நாதன் சொல்லியிருந்தார்.

பேராசிரியர் இரண்டு வருஷம் ஆப்பிரிக்காவில் சிங்கங்களின் பின்னால் ஜீப்பில் திரிந்தவர். காதுக் கிழிசலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டவர். அவை தன்னைத் தின்னாமல் விட்ட நன்றிக்கு, அவற்றைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியிருந்தார். அடுத்த ஜூனில் திரும்பப் போகிறார். கூட ஒரே ஓர் உதவியாளருக்கு இடம். அதற்கு முன்னோட்டமாகத்தான் இந்தச் சிறுத்தைக் கணக்கெடுப்பு.

ரஹ்மத்துல்லா பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் பதினோரு வருஷமாகப் பச்சைத் தோலுக்கு உப்புத் தேய்ப்பவன். சிறுத்தை எச்சத்தைக் கையால் உடைத்து மயிர் பொறுக்கச் சொன்னபோது வேலை கேட்டு வந்த மற்ற இருவரும் வாந்தி எடுத்தார்கள். இவன் பொறுக்கிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். வேலை கிடைத்துவிட்டது. ஷாப்பை விட்டுத் தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இப்போது ஆப்பிரிக்கா வழியாகப் போனது.

மூன்று பேர் வர வேண்டும். ஒருவன் வேலிக்குள் தங்க, இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டே திரும்ப வேண்டும். சிறுத்தைக்கு எண்ணத் தெரியாது, எல்லோரும் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளும். இதுவும் ஆப்பிரிக்காவில் கற்றதுதான். கடைசி முள்ளை வெளியிலிருந்து இழுத்து அடைக்கக் குனிந்த, அதே ஆப்பிரிக்கா இடத்துக்குக் காத்திருந்த அகரத்துக்கார முத்துச்சாமி மூக்கைச் சுளித்தான்.

"ஏன் பாய், குளிச்சியா இல்லையா?"

"ரெண்டு தடவை சோப்புப் போட்டேண்ணே."

"ஆமா, சோப்பு வாசமும் வருது."

பேராசிரியர் ரஹ்மத்துல்லாவின் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னார். "ஆட்டைப் பாக்காதே, காதைப் பாரு. காது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் சிறுத்தை."

இருவரின் பேச்சும் தேய்ந்து, ஜீப் நின்ற பாதைப் பக்கம் அடங்கிப்போனது.

இப்போது கிடாவின் இரண்டு காதும் நேராக அவனை நோக்கி விறைத்து நின்றன.

அப்படியானால் பின்னால். முதுகுக்குப் பின்னால். சருகுக்குள் ஏதோ பூச்சி அரிக்கிற சத்தமும், காய்ந்த புல் உரசுகிற சத்தமும், தூரத்துக் கிணற்றடியில் யாரோ மாட்டை அதட்டுவதும், இவற்றுக்கு எல்லாம் அடியில் ஒரு மூச்சும் கேட்டது, அது தன்னுடையதுதானா என்று பார்க்க அவன் மூச்சை நிறுத்தினான், அதுவும் நின்றது. விசிலை ஊதினால் ஐந்து நிமிஷத்தில் ஜீப் வரும். ஊதினால் ஒரு மாத வேலை வீண். ஊதினால் ஜூனில் முத்துச்சாமி கப்பல் ஏறுவான்.

ஊதவில்லை. அங்குலம் அங்குலமாகத் திரும்பினான்.

யாரும் இல்லை.

மறுபடி ஆட்டைப் பார்த்தான். காதுகள் அசையவில்லை. ஆட்டின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆடு பயப்படுவது அவனுக்கு. தோலுரித்த ஆயிரம் ஆடுகளின் வாசம் அந்த முள்ளுக்குள்ளிருந்து வந்தது. அவன் மூக்குக்கு மட்டும் அது செத்துப் பத்து வருஷம். பெண்டாட்டி நஜ்முன்னிசா கூடச் சோற்றுத் தட்டை எட்ட நின்றுதான் நகர்த்துவாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. இடது கையை வேலியோரம் ஊன்றிக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தான்.

சிறுத்தை ஆட்டின் பின்னாலிருந்து வந்தது.

ஆடு திரும்பவில்லை. சிறுத்தையும் ஆட்டைப் பார்க்கவில்லை. வால் ஆட்டின் வயிற்றில் உரச, கடந்து வந்தது. மூக்கை உயர்த்தியபடி. நேராக. வேலியை ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் இடப்பக்கம் படுத்தது.

முள்ளுக்கிடையில் ஏதோ ஈரமாக வந்து கையைத் தொட்டது.

நாக்கு.

உப்புத்தாள்போல் சொரசொரப்பு. விரல் இடுக்கில். நகக்கண்ணில். பதினோரு வருஷத்து உப்பு. நிதானமாக நக்கியது.

வலது கை விசிலை நோக்கி நகர்ந்தது. நாக்கு நின்றது. காத்திருந்தது. ஒரு நகம் மணிக்கட்டின் மேல் வந்து, அழுத்தாமல் உட்கார்ந்தது.

வலது கையை இறக்கினான்.

நாக்கு தொடர்ந்தது.

கிடா நீளமாக ஒரு மூச்சு விட்டது. முன்னங்காலை மடித்தது. படுத்து அசைபோட ஆரம்பித்தது. பாதைப் பக்கம் பேராசிரியர் தீக்குச்சி கிழித்துச் சிகரெட் பற்றவைப்பது தெரிந்தது. இவ்வளவு அமைதி அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

தோல் எரிந்தது. பிறகு வழுக்கியது. மேலே இருந்த உப்பு தீர்ந்துவிட்டது.

நாக்கு நிற்கவில்லை. அடியில் இன்னோர் உப்பு இருந்தது.